வங்கக் கடலின் உப்பை யார் அளப்பது? இஸ்ரோவுக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இஸ்ரோ தலைவர் அவர்களுக்கும் புவி அறிவியல் அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்காள விரிகுடாவின் உப்பை விண்ணிலிருந்து அளக்க இந்தியா சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் அனுப்ப வேண்டும். கடலின் நிறத்தைப் பார்க்க நம்மிடம் செயற்கைக்கோள் இருக்கிறது. கடல் மேல் வீசும் காற்றை அளக்கவும் இருக்கிறது. கடல் மட்டத்தை அளக்க பிரான்ஸோடு சேர்ந்து 2013-இல் சரல் என்ற செயற்கைக்கோளை அனுப்பினோம். உப்புக்கு மட்டும் இன்றுவரை வெளிநாட்டாரை நம்பியிருக்கிறோம். இத்தனைக்கும், உப்பு இந்த அளவுக்கு ஏறி இறங்கும் கடல்கள் உலகத்தில் குறைவு. அவற்றில் ஒன்றின் கரையில்தான் நாம் குடியிருக்கிறோம்.

நான் கடலியல் படித்தவன் இல்லை. கடலூர் மாவட்டத்துக் கடற்கரைப் பகுதியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். செயற்கைக்கோள் தரவுகள் இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி கிடைப்பதால், விடுமுறைகளில் அவற்றை நோண்டிக்கொண்டிருப்பது என் பழக்கம். நம் கடலின் உப்பு வரைபடத்தைப் பார்க்க வேண்டுமானால் நாசாவின் தளத்துக்கோ ஐரோப்பிய விண்வெளி முகமையின் தளத்துக்கோதான் போகிறேன். இந்த மடல் அங்கிருந்து பிறந்ததுதான்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 கன கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நம் ஊர்க் கணக்கில் 35,000 டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வகுத்துப் பாருங்கள், 370 மேட்டூர் அணைகளையும் தாண்டும். அதில் பெரும்பகுதி ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட சில மாதங்களில் வந்து விழுகிறது. கிழக்கே ஐராவதி, மேற்கே மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இதற்கு மேல்.

இவ்வளவு தண்ணீரும் கடலில் விழுந்ததும் கரைந்து காணாமல் போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. நன்னீர் உப்புநீரைவிட லேசானது, மேலேயே மிதக்கும். தென்மேற்குப் பருவமழை முடியும் சமயத்தில் நம் கிழக்குக் கரையோரம் தெற்கு நோக்கிப் போகும் நீரோட்டம் வலுக்கிறது. அது இந்த நன்னீரை இழுத்துக்கொண்டு ஒடிசா, ஆந்திரா, தமிழ்நாடு என்று இறங்குகிறது. கரையை ஒட்டி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. இரண்டரை மாதத்தில் அது நாட்டின் தென்முனையைத் தொட்டுவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2005 மே மாதம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இந்தியக் கடற்கரையில் எட்டு இடங்களில், ஐந்து நாளைக்கு ஒரு முறை, மீனவர்கள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கடல்நீரைப் பிடித்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் திட்டம். ஆய்வுக் கப்பல் இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை. அந்தத் தண்ணீரின் உப்பை ஆய்வகத்தில் அளந்து தேதிவாரியாக அடுக்கியபோது, பருவமழை முடிவில் விரிகுடாவின் வடக்கே கிலோவுக்கு 10 கிராமுக்கும் மேல் உப்பு குறைவதும், அந்தக் குறைவு ஊர் ஊராகத் தெற்கே நகர்ந்து வருவதும் தெரிந்தன. சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் 10 கிராம் எவ்வளவு பெரிய சரிவு என்று புரியும். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் இதைக் கடலுக்குள் ஓடும் ஆறு என்றே குறிப்பிட்டார்கள். நீரோட்டத்தின் போக்கைச் செயற்கைக்கோள் காட்டியது. உப்பைக் காட்டியது முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள்.

அந்த ஆறு நம் பக்கம் வந்து சேரும் மாதங்களைக் கவனியுங்கள். நவம்பர், டிசம்பர். நமக்குப் புயல் காலம். தானே 2011 டிசம்பர், வர்தா 2016 டிசம்பர், கஜா 2018 நவம்பர், மிக்ஜாம் 2023 டிசம்பர், ஃபெஞ்சல் 2024 நவம்பர். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தானே புயலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த வருடம் அது.

புயல் கடலின் மேல் நகரும்போது அதன் காற்று நீரைக் கலக்கிவிடும். அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். மேற்பரப்பு குளிர்ந்தால் புயலுக்குக் கிடைக்கும் வெப்பமும் ஈரமும் குறையும், அதன் வேகம் தானாகவே மட்டுப்படும். ஆனால் மேலே நன்னீர்ப் படலம் கிடந்தால் இந்தக் கலக்கம் ஆழத்துக்கு இறங்குவதில்லை. அந்தப் படலத்துக்குக் கீழே இருக்கும் உப்புநீரும் சில பத்து மீட்டர் ஆழம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கு விரிகுடாவில் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது சூடாக இருப்பதும் உண்டு. கலக்கினாலும் குளிர்ந்த நீர் வராது. கோடைப் புயல்களோடு ஒப்பிட்டால் மழைக்காலத்துக்குப் பிந்தைய புயல்கள் வங்கக் கடலை மிகக் குறைவாகவே குளிரவைக்கின்றன. அதில் கணிசமான பங்கு இந்த உப்பு அடுக்குக்குத்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கஜா இதனால்தான் வலுத்தது, வர்தா அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு புயலுக்கும் அதனதன் காரணங்கள் உண்டு. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்ற கணிப்பு நம் காலத்தில் வெகுவாக முன்னேறியிருக்கிறது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். எவ்வளவு வலுக்கும் என்ற கணிப்புதான் இன்னும் தடுமாறுகிறது. அந்தக் கணிப்புக்குத் தேவையான விவரங்களில் ஒன்று, புயல் கடக்கப்போகும் பாதையில் நன்னீர் எங்கே, எவ்வளவு கிடக்கிறது என்பது. அது நம் கையில் சரியாக இல்லை.

சரி, செயற்கைக்கோளால் ஆற்று நீரைக் கடலில் அடையாளம் காண முடியுமா? முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆறு அமேசான். உலகின் ஆறுகள் எல்லாம் கடலில் கொட்டும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு அதனுடையது. 1500-ஆம் ஆண்டிலேயே பின்சோன் என்ற ஸ்பானிய மாலுமி, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கடல்நீர் குடிக்கும்படி இருப்பதைக் கண்டு அதற்கு நன்னீர்க் கடல் என்று பெயர் வைத்தார். ஆனால் அந்த நீர் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று தெரிய நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. 1978-இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் கடலின் நிறத்தைப் பார்க்கும் கருவி ஒன்று போனது. அதன் படங்களை வைத்து 1988-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டின் ஒரு பாதியில் அமேசான் நீர் கரையோரமாகக் கரீபியன் பக்கம் போகிறது, மறுபாதியில் அதன் பெரும்பகுதி கரையைவிட்டு விலகித் திரும்பி, ஆப்பிரிக்காவை நோக்கி நடு அட்லாண்டிக்கில் இழுபடுகிறது என்று அதில் தெரிந்தது. ஆற்று நீரில் மட்கிய இலைதழைச் சாறும் பாசியும் இருப்பதால் நிறம் மாறும், அந்த நிறத்தைப் பிடித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

நிறம் பார்க்கும் கருவியில் நாமும் கெட்டிக்காரர்கள்தான். 1999-இல் ஓஷன்சாட்-1, 2009-இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஓஷன்சாட்-3. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த வகைத் தரவுகளையும் கடலின் வெப்பநிலையையும் சேர்த்துத்தான் மீன் கிடைக்கக்கூடிய இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. ஆனால் வங்கக் கடலில் நிறம் இரண்டு இடத்தில் கைவிடுகிறது. ஆறுகள் பெருக்கெடுக்கும் மாதங்களில் வானம் முழுக்க மேகம், கருவிக்குக் கடல் தெரியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்திலோ வண்டல் கலங்கல். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அந்தக் கலங்கலில் எது பாசி, எது மண் என்று பிரிப்பது கருவிக்குச் சிரமம்.

உப்பை அளக்கும் முறைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். எல்லாப் பொருட்களையும் போலக் கடலும் மைக்ரோவேவ் அலைகளை மெலிதாக உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அந்த உமிழ்வு நீரில் உள்ள உப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். உப்பு கூடினால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உமிழ்வு குறையும். இந்தச் சின்ன வித்தியாசத்தை விண்ணிலிருந்து கேட்டு உப்பைக் கணக்கிடுகிறார்கள். கடல் குளிர்ந்திருந்தால் வித்தியாசம் மங்கிவிடும், வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாகத் தெரியும். ஆர்க்டிக்கில் திணறும் இந்த முறைக்கு 28, 29 டிகிரியில் கிடக்கும் வங்கக் கடல் மிக வாகான இடம். அதிலும் 10 கிராம் உப்பு இறங்கி ஏறும் கடல்!

இதற்காக இதுவரை போனவை சொற்பம். ஐரோப்பாவின் ஸ்மாஸ் 2009 நவம்பரில் போனது. அமெரிக்காவும் அர்ஜென்டினாவும் சேர்ந்து 2011-இல் அனுப்பிய அக்வேரியஸ் 2015 ஜூனில் நின்றுபோனது. மண்ணின் ஈரத்தை அளக்க 2015 ஜனவரியில் நாசா அனுப்பிய ஸ்மாப், கடலின் உப்பையும் சேர்த்துச் சொல்கிறது. ஸ்மாஸும் ஸ்மாப்பும் மூன்றாண்டுப் பணிக்காக வடிவமைக்கப்பட்டவை. அவை இத்தனை காலம் ஓடியது நம் அதிர்ஷ்டம். 2024 நவம்பரில் சீனா கடல் உப்புக்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவிவிட்டது. ஐரோப்பா அடுத்ததைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது, அதன் முதன்மைக் கவனம் துருவப் பகுதி. இந்தப் பட்டியலில் விரிகுடாக் கரையோரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது எது?

ஒன்றும் இல்லை. அதன் விளைவை வரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்மாப்பின் ஆன்டெனா 6 மீட்டர், அதனால் ஒரு தடவையில் அது பார்க்கும் புள்ளி சுமார் 40 கிலோமீட்டர். நம் கடல் ஆற்றின் அகலமே 100 கிலோமீட்டர்தான். இரண்டு புள்ளி, மிஞ்சினால் இரண்டரை. கரைக்குப் பக்கத்துப் புள்ளியிலோ நிலம் கலந்துவிடும். இந்த அலைவரிசையில் நிலம் கடலைவிட இரண்டு மூன்று மடங்கு பிரகாசம் என்பதால், ஓரத்தில் கொஞ்சம் நிலம் எட்டிப்பார்த்தாலே உப்புக் கணக்கு கெட்டுப்போகும். ஆக, பெரிய ஆறுகள் கடலில் சேரும் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனால், சேரும் அந்த இடம் மட்டும் வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. கடலுக்குள் விடப்பட்ட ஆர்கோ மிதவைகளும் இங்கே கைகொடுக்காது, அவை ஆழ்கடலுக்கு ஆனவை.

ஆன்டெனாவை இரட்டித்தால் புள்ளி பாதியாகும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளில் 12 மீட்டர் வலை ஆன்டெனா விரிந்தது. நாசா கொடுத்த ஆன்டெனாதான், ரேடாருக்கானதுதான், உப்பை அளக்கும் கருவி அதில் இல்லை, தெரியும். ஸ்மாப்பைப் போல அத்தனை பெரிய வலையைச் சுழற்றுவது லேசான பொறியியல் இல்லை என்பதும் தெரியும். ஸ்மாஸ் அதனால்தான் பெரிய ஆன்டெனாவை விட்டுவிட்டு, மூன்று கைகளில் 69 சின்னச் சின்ன ஏற்பிகளை வைத்து வேலையை முடித்தது. எந்த வழி நமக்குச் சரிப்படும் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள். ஒரு புள்ளிக்கு 20 கிலோமீட்டர் என்ற துல்லியம் கிடைத்தால் நம் கரையோரத்தில் எவ்வளவோ தெரியும் என்பது மட்டும் என் கணக்கு.

செயற்கைக்கோள் நாளைக்கே பறந்துவிடாது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை அறிவியலுக்கென்று உலக அளவில் ஒதுக்கப்பட்டது, அதில் யாரும் ஒலிபரப்பக் கூடாது. ஆனால் ஸ்மாஸ் போன புதிதில் ஆசிய நிலப்பரப்புகளிலிருந்து எழுந்த ரேடியோ இரைச்சலால் வங்கக் கடலில் அதன் தரவு பயன்படுத்த முடியாமல் போனது. ஐரோப்பாவில் இப்படி அத்துமீறிய பல ஒலிபரப்பிகளைத் தேடிப் பிடித்து அணைத்தார்கள். ஸ்மாப்பில் இரைச்சலை வடிகட்டும் ஏற்பாடு பிறகு வந்தது, இருந்தாலும் இரைச்சலைக் கிளம்பும் இடத்திலேயே நிறுத்துவது மேல். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். இதற்கு ராக்கெட் தேவையில்லை.

அப்புறம், ஆற்றுக் கணக்கு. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் ஓடும் நீரின் அளவு, எல்லை தாண்டும் ஆறுகள் என்ற காரணத்தால், பொதுவெளியில் வைக்கப்படுவதில்லை. கடலை ஆராய்பவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. கடலைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் பெரும்பாலான மாதிரிகளில் இந்த ஆறுகளுக்கு நீண்டகால மாதச் சராசரியைப் போட்டுவிட்டுக் கணக்கிடுகிறார்கள். வெள்ளம் பெருகிய வருடமும் மழை பொய்த்த வருடமும் மாதிரிக்கு ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், மறைத்து வைப்பதற்கு இனி அர்த்தமும் இல்லை. கடல் மட்டம் அளக்கும் செயற்கைக்கோள்கள் ஆற்றின் மேல் கடந்து போகும்போது ஆற்று மட்டத்தையும் அளக்கின்றன. அந்த உயரங்களை வங்கதேசத்து அளவீட்டு நிலையங்களின் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டு ஆறுகளின் மாத நீரளவைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010 வாக்கிலேயே மதிப்பிட்டு வெளியிட்டுவிட்டார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்ஸும் அனுப்பிய ஸ்வாட், 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் உயரத்தையும் சரிவையும் உலகம் முழுக்க அளந்து இணையத்தில் வைக்கிறது. பாட்னாவில் கங்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிரான்ஸிலிருந்து பார்க்கலாம், நம் பல்கலைக்கழக மாணவர் நம் நாட்டு அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காது. இது ஜல்சக்தி அமைச்சகத்தின் பொறுப்பு என்பீர்கள். சரிதான். ஆனால் கடலுக்கு அந்தத் தரவு ஏன் வேண்டும் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் புவி அறிவியல் அமைச்சகச் செயலாளர்தானே.

இன்னொன்றையும் அவர்கள் காதில் போட வேண்டும். வெள்ளம் வரும் ஒவ்வொரு வருடமும், இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது என்று அறிக்கை வருகிறது. கட்சி பேதமில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். கோதாவரியைக் காவிரிக்குத் திருப்புவது பற்றிப் பல காலமாகப் பேசுகிறார்கள். டெல்டாவில் தண்ணீருக்குத் தவிப்பவர்களை நன்றாகவே அறிந்தவன் நான், அந்தப் பேச்சைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தண்ணீர் கடலுக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்று அளக்காமலே அதை வீண் என்று எப்படி எழுதுகிறார்கள்? முகத்துவாரத்தில் மீன் குஞ்சு வளர்வதில் அதற்குப் பங்கு உண்டு, கரைக்கு மணல் கொண்டுவருவதில் பங்கு உண்டு, மேலே சொன்ன புயல் கணக்கிலும் பங்கு உண்டு. புயல் விஷயத்தில் தண்ணீர் குறைவதே நல்லது என்றுகூட முடிவு வரலாம்! எதுவாக இருந்தாலும் அளந்துவிட்டுச் சொல்லட்டும். நதிநீர்த் திட்டங்களின் ஆய்வறிக்கைகளில் கடல் என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்க வேண்டும், அதை எழுதும் பொறுப்பை உங்கள் நிறுவனங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, மீனவர்களைக் கொண்டு நீர் சேகரித்த அந்த முறையைப் பற்றி. செயற்கைக்கோள் எத்தனை துல்லியமானாலும் அது பார்ப்பது கடலின் மேல் ஒரு சென்டிமீட்டரைத்தான், கரையை ஒட்டிய சில கிலோமீட்டர் அதற்கு எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஆள்தான் வேண்டும். எட்டு இடங்களை எண்பதாக்குங்கள். கொள்ளிடம், பாலாறு, வைகை, தாமிரபரணி முகத்துவாரங்களையும் சேருங்கள். சின்ன ஆறுகள்தான், சில வருடங்களில் கடலை எட்டாதவையும் அவற்றில் உண்டு, எட்டவில்லை என்பதே ஒரு தரவுதான். தண்ணீர் பிடித்துக் கொடுப்பவருக்கு ஒழுங்கான கூலி கொடுங்கள், ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரையும் போடுங்கள். கரையோரப் பள்ளிகளைக் கேட்டால் நாங்களும் வருவோம். உப்பை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று இருந்தால் எங்கள் ஆய்வகத்திலேயே முதல் அளவீட்டை முடித்துவிடலாம்.

அடுத்த கடல் செயற்கைக்கோளில் என்னென்ன கருவிகள் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் உப்பையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு முடியாது என்று தீர்மானித்தால், தடை எடையா, ஆன்டெனாவா, பணமா என்று காரணத்தோடு பொதுவெளியில் எழுதுங்கள். என் வகுப்பில் அதையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்